சின்னக் குளியலறையில் கார்னர் ஷவர்: எதை வாங்குவது, தண்ணீரை எங்கே நிறுத்துவது

ஒரு வாசகரின் கேள்வி: எங்கள் குளியலறை 1.5 மீட்டருக்கு 2.1 மீட்டர். ஒருவர் குளித்தால் தரை முழுக்க ஈரம், அடுத்தவர் கால் வைக்க முடியவில்லை. ஒரு மூலையில் கண்ணாடி அடைப்போடு ஷவர் வைக்க யோசிக்கிறோம். வேலைக்கு வருபவர், "நல்ல டைல்ஸ், நல்ல கிரவுட் போட்டால் போதும், தனியாக வாட்டர் புரூஃபிங் எதற்கு?" என்கிறார். அவர் சொல்வது சரியா? எந்த வடிவம் வாங்கலாம்?

மார்ச் 2

சரியில்லை. டைல் தண்ணீரை விடாது, டைல்களுக்கு நடுவே இருக்கும் கிரவுட் விடும். சிமென்ட் கிரவுட் மண்பானை மாதிரி. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் உள்ளே ஊற்றியது மெல்ல வெளியே வேர்க்கும். தினமும் இரண்டு மூன்று பேர் குளிக்கும் மூலையில் அந்தத் தண்ணீர் டைலுக்குப் பின்னால் போகத்தான் செய்யும். போன பிறகு எது அதைப் பிடித்து வடிகாலுக்கு அனுப்புகிறது என்பதுதான் கேள்வி. அந்த வேலையைச் செய்வது டைலுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. கண்ணாடி அடைப்பு தெறிப்பை மட்டும்தான் தடுக்கும்.

எங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் போட்டிருந்த ஷவர் மூலை பார்வைக்கு அழகாக இருந்தது. பக்கத்துப் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை பெயின்ட் கொப்புளித்துக்கொண்டே இருக்கும். சுரண்டிப் பெயின்ட் அடித்தால் மறுபடி கொப்புளிக்கும். கடைசியில் டைலைப் பெயர்த்தபோது அடியில் இருந்த கலவை கையில் எடுத்தால் ஈர மணலாக உதிர்ந்தது. சாக்கடை வாடை. குழாயில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை, அழுத்தம் கொடுத்துப் பார்த்தாயிற்று. அத்தனையும் கிரவுட் வழியாக இறங்கிய குளிக்கிற தண்ணீர்.

வடிவம் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

மார்ச் 3

அளவு முதலில். கடையில் 700, 760, 800, 900 மி.மீ. என்று சதுர அளவுகள் கிடைக்கும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில் ஷவரின் உட்புறம் எந்தப் பக்கமும் 30 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 76 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அது குறைந்தபட்சம்தான், வசதிக்கான அளவு அல்ல. 800 சமாளிக்கலாம், 900 நிம்மதி.

காகிதத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தரையில் ஒட்டுநாடாவால் அந்தச் சதுரத்தைப் போட்டு உள்ளே நில்லுங்கள். இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டியை அடுக்கி நிறுத்தினால் இன்னும் நல்லது. தலைக்குத் தேய்க்கிற மாதிரி முழங்கையை அகலமாக விரியுங்கள். குனிந்து பாதத்தைத் தேயுங்கள். பின்னால் எது இடிக்கிறது என்று அப்போது தெரியும். வீட்டில் உயரமானவரையும் வயதானவரையும் நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் 800 போதும் என்று இருந்த எண்ணம் அப்பா குனிந்து பார்த்தவுடன் மாறியது.

இன்னொன்று: பெட்டியில் 900 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வெளி அளவு. சட்டம், கண்ணாடி எல்லாம் போக உள்ளே நிற்கும் இடம் குறையும்.

மார்ச் 3, இரவு

கதவு. உங்கள் அறை 1.5 மீட்டர் அகலம். அதில் 900 போனால் 600 மி.மீ. மிச்சம். வெளியே திறக்கும் கதவு அந்த 600க்குள் சுழல வேண்டும். எதிரே கழிப்பறைக் கிண்ணமோ கைகழுவும் தொட்டியோ இருந்தால் பாதியில் நின்றுவிடும். அந்த அறைக்கு நழுவுகதவுதான் பொருத்தம். உள்பக்கம் மடியும் கதவும் உண்டு, ஆனால் அது குளிப்பவர் நிற்கும் இடத்தையே தின்னும். அதோடு உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்நோக்கி மட்டும் திறக்கும் கதவைத் தள்ளித் திறப்பது கஷ்டம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை வாங்க வேண்டாம்.

மார்ச் 5

"வளைவா, சதுரமா, முனை வெட்டியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சின்ன அறைக்கு வளைவு (கால்வட்டம்) நல்லது. முன்னால் துருத்தும் முனை இல்லாததால் இடுப்பில் இடிக்காது, நடக்க வழி கிடைக்கும். ஆனால் 900 அளவில் இரண்டு பாதிகளாக நழுவும் கதவின் வாசல் அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பருமனானவர்கள் கடையில் நின்று ஒருமுறை நுழைந்து பார்ப்பது நல்லது. அப்புறம், வளைவுக் கண்ணாடிக்கும் அடித்தட்டுக்கும் (காலடியில் வரும் தட்டு) வளைவின் ஆரம் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலானவை 550 மி.மீ. ஆரம், எல்லாமே அப்படி இல்லை. தட்டை ஓர் இடத்திலும் கண்ணாடியை வேறோர் இடத்திலும் வாங்கினால் இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

சதுரம் துடைக்க எளிது, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். முனை வெட்டியது இரண்டுக்கும் நடுவில். கதவு சாய்வான முன்பக்கத்தில் வருவதால் வாசல் பெரிதாகக் கிடைக்கலாம், ஆனால் அந்தக் கதவு வெளியே திறக்கும்.

என் விருப்பம் உங்கள் அளவுக்கு 900 வளைவு, நழுவுகதவு.

மார்ச் 6

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். வடிவத்தை வடிகாலோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க முடியும். கண்ணாடியை வாங்கிவிட்டு ஓட்டையைத் தேடினால் தரையை இரண்டு முறை உடைக்க நேரும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: பழைய வடிகுழாய் எங்கே இருக்கிறது, அதை எவ்வளவு நகர்த்த முடியும், அதற்கு எத்தனை ஆழம் தேவை என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் அடித்தட்டா, டைல் தரையா என்ற கேள்வி. கண்ணாடி கடைசி.

அடித்தட்டு என்றால் தயாராக வரும் வார்ப்புத் தட்டு, அக்ரிலிக்கிலோ கல் தூள் சேர்த்த ரெசினிலோ. வாட்டம் (தண்ணீர் வடிவதற்கான சரிவு) அதிலேயே இருக்கும், நடுவில் கிரவுட் கோடு கிடையாது. தரையைப் பொறுத்தவரை ஒழுகும் வாய்ப்பு குறைவு. பலவீனம் சுவரும் தட்டும் சேரும் விளிம்பில். ஓரம் மேல்நோக்கி மடிந்து சுவருக்குள் ஏறும் தட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். டைல் அந்த மடிப்புக்கு முன்னால் இறங்கி நிற்கும், தண்ணீர் பின்னால் போக வழியில்லை.

தட்டின் அடியில் இடைவெளி இல்லாமல் கலவை நிரப்பி உட்கார வைக்க வேண்டும். நான்கு மூலையில் மட்டும் கலவை வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மேலே ஏறி நின்றால் தட்டு லேசாக அமுங்கும், அந்த ஒரு மில்லிமீட்டர் அசைவு போதும், ஓரத்துச் சிலிக்கான் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) சீக்கிரம் பிய்ந்துவிடும். வேலை முடிந்ததும் ஏறி நின்று ஒவ்வொரு மூலையிலும் கால் மாற்றிப் பாருங்கள். முனகல் சத்தம் வந்தாலே சரியில்லை. குழாய் அடைத்தால் எப்படித் திறப்பது என்பதையும் தட்டை இறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மேலிருந்தே கழற்றிச் சுத்தம் செய்யும் ட்ராப் (வாடை மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாகம்) வேண்டும்.

மார்ச் 8

டைல் தரைதான் வேண்டும் என்பவர்களுக்கு.

வாட்டம் சுமார் 2 சதவீதம், அதாவது மீட்டருக்கு 2 செ.மீ. கணக்கை மிகத் தொலைவான மூலையிலிருந்து போடுங்கள். 900 சதுரத்தில் ஓட்டை நடுவில் என்றால் மூலையிலிருந்து 64 செ.மீ., இறக்கம் 13 மி.மீ. ஓட்டை ஒரு மூலையில் என்றால் எதிர்மூலைக்கு 127 செ.மீ., இறக்கம் 25 மி.மீ. சுவரோரம் நீள வடிகால் வைத்தால் 90 செ.மீ., 18 மி.மீ. இந்த இறக்கத்துக்குத் தரையில் ஆழம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டை இருக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

நடுவில் ஓட்டை என்றால் நான்கு திசையிலிருந்தும் வாட்டம் வரும். பெரிய டைலை நான்கு பக்கமும் சரிய வைக்க முடியாது, வெட்ட வேண்டும். அதனால் சின்ன டைல் போடுவார்கள். சின்ன டைலில் கிரவுட் கோடுகள் அதிகம், கால் வழுக்காது, ஆனால் கோடுகளைத் தேய்த்துக் கழுவும் வேலையும் அதிகம். நீள வடிகாலில் ஒரே திசை வாட்டம், பெரிய டைல் போடலாம். ஆனால் அதன் உள்தட்டில் முடி சேரும், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும்.

எதுவானாலும் ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும்படி வாங்குங்கள். குறைந்த ஆழமுள்ளவை சீக்கிரம் வறண்டு வாடை விடும்.

மார்ச் 9

இன்றைக்குப் பூச்சு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான்.

முதலில் வாட்டம், அப்புறம் பூச்சு. தட்டையான தரையில் பூச்சடித்து அதன் மேல் கலவையால் வாட்டம் கொடுத்துவிட்டால், டைல் வழியாக இறங்கும் தண்ணீர் கலவைக்குள் போய்ப் பூச்சின் மேல் தேங்கி நிற்கும். வெளியே போக வழியிருக்காது. எத்தனை துடைத்தாலும் டைல் ஓரம் கறுத்தே இருப்பதும், கிரவுட்டில் வெள்ளை உப்புப் பூப்பதும் இதனால்தான். வாட்டத்தோடு தரையைப் போட்டு, அது இறுகிக் காய்ந்த பிறகு அந்தச் சரிவின் மேலேயே பூச்சு வர வேண்டும். அப்போது கீழே இறங்கும் தண்ணீரும் வடிகாலை நோக்கியே போகும்.

பூச்சில் வகைகள் உண்டு: பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு, தயாராக வாளியில் வரும் ரப்பர் போன்ற திரவப் பூச்சு, ஒட்டும் தாள். எதையும் கெட்டது என்று சொல்லமாட்டேன். சின்ன மூலையில் வளைத்து நெளித்துப் போக வேண்டியிருப்பதால் திரவம் கைக்கு எளிது. தாளில் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும், ஆனால் மடிப்புகளையும் ஒட்டுகளையும் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கை வேண்டும்.

மூலைகள்தான் உயிர். தரையும் சுவரும் சேரும் இடத்தில் கட்டடம் லேசாக அசையும், அங்கே வெறும் பூச்சு விரிசல் விடும். மூலையில் அதற்கென விற்கும் துணிநாடாவை ஈரப் பூச்சில் பதித்து, மேலே இன்னொரு தடவை பூச வேண்டும். இரண்டு சுவரும் தரையும் சந்திக்கும் அந்தச் சின்ன முக்கோணத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நாடா அங்கே சுருங்கி ஒரு காற்றுக் குமிழ் நிற்கும். அதை வெட்டிப் பதிக்காமல் விட்டால் நாளைக்கு அதுதான் வழி. இதற்கென்றே வளைத்துச் செய்த மூலைத் துண்டு கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

அடுத்து குழாய் வெளிவரும் துளைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ரப்பர் வளையம் போட்டு அதன் மேல் பூச்சு ஏற வேண்டும்.

அடுத்து வடிகால். ஒழுகல்களில் பல இங்கேதான் ஆரம்பிக்கும். பூச்சு வடிகாலின் விளிம்புத் தட்டு மேல் ஏறி ஒட்ட வேண்டும். வழவழப்பான பிவிசியில் பூச்சு சரியாகப் பிடிக்காது, உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, அந்தப் பூச்சுக்கு உரிய பிரைமரை அடித்த பிறகே பூச வேண்டும். கான்கிரீட்டில் பெரிய ஓட்டை போட்டுக் குழாயை இறக்கிவிட்டுச் சுற்றிலும் குப்பையும் கலவையும் அடைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுருங்காத கலவையால் நிரப்பச் சொல்லுங்கள்.

உயரம்: ஷவர் சுவர்களில் குறைந்தது 1.8 மீட்டர். ஷவர் தலை அதற்கும் மேலே இருந்தால் அது வரை. கண்ணாடி நிற்கும் கோட்டோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமும் கொஞ்சம் தாண்டிப் போகட்டும். குளியலறையின் மீதித் தரை முழுக்கவும், மற்றச் சுவர்களில் 15 செ.மீ. உயரம் வரையும் பூசிவிடுவது நல்லது. சின்ன அறைதான், கூடுதல் வேலை அதிகமில்லை.

மார்ச் 9, இரவு

ஒன்று விட்டுப்போனது. கதவு நிலை. தண்ணீர் டைலுக்கு அடியில் கலவை வழியாகவே பக்கவாட்டில் நகர்ந்து வாசலைத் தாண்டிப் போகும். மரநிலையின் கால் ஊறி உப்புவது இதனால். வாசல்படியில் பூச்சு மேலே ஏறி நிற்க வேண்டும், டைலின் மேல்மட்டம் வரைக்கும்.

மார்ச் 11

"எத்தனை கோட்?" குறைந்தது இரண்டு. முதல் கோட் கிடைமட்டமாக, காய்ந்த பிறகு இரண்டாவது செங்குத்தாக. இரண்டையும் வேறு நிறத்தில் அடித்தால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். சில தயாரிப்புகள் அதற்காகவே இரண்டு நிறத்தில் வருகின்றன.

கோட்டை எண்ணுவதைவிட வாளியைப் பாருங்கள். 900 சதுர ஷவரில் தரை 0.8 சதுர மீட்டர், இரண்டு சுவரும் சேர்ந்து 3.2, ஆக 4 சதுர மீட்டர். லேபிளில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். பெருக்கிப் பாருங்கள். அந்தக் கணக்குப்படி வாங்கியும், வேலை முடிந்த பிறகு பாதி வாளி மிச்சமிருந்தால் பூச்சு மெல்லிசாகப் போயிருக்கிறது. மிச்சம் பிடித்தது என்று சந்தோஷப்பட வேண்டாம், இன்னொரு கோட் கேளுங்கள்.

மார்ச் 12

ஒருவர் ஜிப்சம் பலகைச் சுவரில் நேரடியாக டைல் ஒட்டலாமா என்று கேட்கிறார். ஷவருக்குள் வேண்டாம். சிமென்ட் பலகை போடுங்கள். அதுவும் தண்ணீரைத் தடுக்காது, நனைந்தால் கெடாது, அவ்வளவுதான். அதன் மேலும் பூச்சு வேண்டும். பின்னால் ஏற்கெனவே பிளாஸ்டிக் தாள் இருந்தால் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். இரண்டு தடுப்புக்கு நடுவே சிக்கிய ஈரம் காயாது.

மார்ச் 14

தேக்கிப் பார்க்காமல் டைல் ஒட்ட விடாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன்.

பூச்சு லேபிள் சொல்லும் நாள் வரை காயட்டும். வடிகாலை ஊதி அடைக்கும் ரப்பர் பந்தால் அடையுங்கள். வாசலில் தற்காலிகமாக ஒரு வரம்பு கட்டி இரண்டு அங்குலம் வரை தண்ணீர் நிரப்புங்கள், வாசல் பக்கப் பூச்சின் உயரத்தைத் தாண்டாமல். சுவரில் மட்டத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் அப்படியே விடுங்கள், முடிந்தால் இரண்டு நாள்.

மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஆவியா ஒழுகலா என்று சண்டை வரும். அதற்கு ஒரு வழி: அதே அறையில் நேரான பக்கம் உள்ள அகலமான பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கினால் ஆவி. தரையில் இறங்கியது தெளிவாக அதிகம் என்றால் ஒழுகல். கீழ்த்தளத்துக் கூரையையும் பக்கத்து அறைச் சுவரடியையும் தொட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் சோதனையில் பாத்திரத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரிந்தது. வடிகால் விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பூச்சு தூக்கியிருந்தது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி மறுபடி பூசி மறுபடி நிரப்பினோம். டைல் போட்ட பிறகு தெரிந்திருந்தால் முழுத்தரையும் போயிருக்கும்.

தேக்கிப் பார்ப்பது தரையை மட்டும்தான் சோதிக்கும். சுவருக்குள் போகும் குழாய்களை மூடுவதற்கு முன் தனியாக அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

மார்ச் 17

"பழைய டைல் மேலேயே நிறமில்லாத திரவம் அடித்தால் உடைக்காமல் வேலை முடியும் என்கிறார்களே?"

மயிரிழை விரிசலுக்குக் கொஞ்ச நாள் தாங்கும். மூலையில், வடிகால் விளிம்பில் உள்ள கோளாறை அது தொடவே தொடாது. மேலே அடைத்துவிட்டு அடியில் ஈரத்தைப் பூட்டி வைக்கிறோம். வாடகை வீட்டில் நாள் கடத்த என்றால் சரி. சொந்த வீட்டில் அந்தக் காசைப் பூச்சுக்குச் சேர்த்து வையுங்கள்.

எபாக்ஸி கிரவுட் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நல்ல பொருள், தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது. ஆனால் மூலையில் எந்தக் கிரவுட்டும் நிரப்பக் கூடாது. சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் கோடுகள் சிலிக்கானுக்கு உரியவை. கிரவுட் அசைவு தாங்காமல் வெடிக்கும்.

மார்ச் 20

கண்ணாடி வந்து இறங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பதப்படுத்திய (டெம்பர்டு) கண்ணாடிதானே? மூலையில் முத்திரை அச்சிட்டிருக்கும், பாருங்கள். சட்டத்தோடு என்றால் 6 மி.மீ. போதும், சட்டமில்லாமல் என்றால் 8 அல்லது 10. டைல் தரையில் வெறுமனே நிறுத்தாதீர்கள். நடுவில் அடித்தால் தாங்கும் கண்ணாடி, முனையில் லேசாகத் தட்டினால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அட்டை அல்லது மரத்துண்டு மேல் நிறுத்துங்கள். பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, ஆகவே அளவு தப்பினால் அந்தக் கண்ணாடி போனது போனதுதான்.

சுவர் செங்குத்தாக இருக்காது, எந்தச் சுவரும் இருப்பதில்லை. சுவர்ச்சட்டத்தில் 20 மி.மீ. அளவுக்கு நகர்த்த இடம் இருக்கும். டைல் ஒட்டி முடித்த பிறகு தூக்குக்குண்டு விட்டு மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் அளந்துவிட்டுக் கண்ணாடி வாங்கச் சொல்வது அதனால்தான்.

சட்டத்துக்குத் துளை போடும்போது பூச்சும் சேர்ந்து துளைபடுகிறது. ஒவ்வொரு துளையிலும் தூசியை ஊதிவிட்டு, சிலிக்கான் நிரப்பி, அப்புறம் பிளக் அடித்து ஸ்குரூ முடுக்கச் சொல்லுங்கள். தரையில் துளையே வேண்டாம். கீழ்ச்சட்டத்தை ஒட்டி நிறுத்தும் வகை இருக்கிறது.

மார்ச் 21

சிலிக்கான் உள்ளேயா வெளியேயா? தயாரிப்பாளரின் தாளை முதலில் படியுங்கள். பல சட்டமுள்ள அடைப்புகளில் வெளிப்பக்கம் மட்டும்தான் பூசச் சொல்வார்கள். சட்டத்துக்குள் போகிற தண்ணீர் உள்பக்கமாகத் திரும்பி வடிய வேண்டும். இரண்டு பக்கமும் பூசி மூடினால் அது சட்டத்துக்குள்ளேயே நின்று, ஏதாவது ஒரு முனையில் வெளியே கசியும். நன்றாகப் பூசுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒழுகலை உண்டாக்குகிற இடம் இது. இரண்டு பக்கமும் பூசியிருந்த அடைப்பில் வெளியே ஓயாமல் கசிந்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்கோட்டை வெட்டி எடுத்தவுடன் நின்றுவிட்டது.

தட்டுக்கும் டைலுக்கும் நடுவே உள்ள கோடு வேறு கதை. அது உள்ளேதான் வரும், முழுசாக வர வேண்டும். அக்ரிலிக் தட்டாக இருந்தால் பூசும்போது ஒருவர் உள்ளே ஏறி நிற்கட்டும், கோடு சற்று அகன்ற நிலையில் சிலிக்கான் பிடித்துக்கொள்ளும். பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது, முழுக்கச் சுரண்டி, துடைத்து, காய்ந்த பிறகே பூசுங்கள். இயற்கைக் கல் பதித்தவர்கள் வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்க வேண்டாம். அந்த அமிலம் கல்லில் கறை போடும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேளுங்கள்.

மார்ச் 24

சோப்பு மாடத்தைச் சுவருக்குள் குடைந்து வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வெளிச்சுவரில் வேண்டாம், உள்சுவரில் வையுங்கள். அடிப்பலகை ஷவர் பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். உள்ளே ஐந்து முகங்களுக்கும் பூச்சு, எல்லா மூலைக்கும் நாடா. அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிய ஷவரைவிட மூலைகள் அதிகம்.

மார்ச் 24, இரவு

சிலிக்கான் பூசி எத்தனை நேரம் கழித்துக் குளிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்தோல் சீக்கிரம் காயும், அதை நம்ப வேண்டாம். ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். கோடு தடிமனாக இருந்தால் இன்னொரு நாள். அதுவரை மற்றக் குளியலறையையோ வாளியையோ பயன்படுத்துங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டே வையுங்கள்.